மொழிபெயர்ப்பாளரின் பிக்கப்

அந்தப் பிக்கப்பிலிருந்து இறங்குவதற்கு அவர் இரண்டு தடவை காலை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. நீளமான சுருள்வில்லும் பெரிய டயரும் போட்டு ஒரு சாண் உயர்த்திய வண்டி அது. எழுபதை நெருங்கிய மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வாயைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“இந்த எஞ்ஜினை எடுத்துப்போட்டு ஒரு டர்போ எஞ்ஜின் வைக்க ஏலுமோ?”

முகம் மாறியிருந்தது, தலைமயிர் போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வயதில் அகதி விசாரணைக்காக நான் உட்கார்ந்திருந்த அறையில், அதிகாரிக்கும் எனக்கும் நடுவில் இருந்து பேசிய குரல். என்னுடைய மொழிபெயர்ப்பாளர். அவன் என்று எழுதத்தான் கை வருகிறது. வயதுக்காக அவர் என்று எழுதுகிறேன், அதற்கு மேல் மரியாதையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் செய்தது இதுதான். அன்று நான் மூன்று மணிநேரம் பேசினேன். என் தம்பியைக் கொண்டுபோன கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். நான் நிறையச் சொன்னேன், அவர் கொஞ்சமாகச் சொன்னார். ஜேர்மன் சிக்கனமான மொழியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவு மொக்கன் நான். கடைசியில் தட்டெழுதிய தாள்களை என் முன்னால் வைத்து, “எல்லாம் நீர் சொன்னதுதான். கையெழுத்தைப் போடும்” என்றார். போட்டேன். மனு நிராகரிக்கப்பட்ட பிறகு என் சட்டத்தரணி அந்தத் தாள்களை வேறொருவரைக் கொண்டு எனக்கு வாசித்துக் காட்டினார். தம்பிக்கு ஒரேயொரு வரிதான் இருந்தது: விண்ணப்பதாரரின் சகோதரர் காணாமற்போயுள்ளார். இன்னும் இருக்கிறது என்று நான் பிறகு சொன்னபோது, வழக்குக்காகப் புதிதாகச் சோடித்த கதை என்றார்கள்.

அதன்பின் ஒன்பது வருடம் டுல்டுங் என்கிற தாளோடு இருந்தேன். உன்னை இன்னும் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லும் தாள் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். வேலை செய்யக் கூடாது, பக்கத்து மாவட்டத்துக்குப் போகக் கூடாது. யாழ்ப்பாணத்தில் எஞ்ஜின் பிரித்துப் பூட்டிய கை, இங்கே முகாமின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தது. வதிவிட அனுமதி கிடைத்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைப் படித்தேன். இப்போது கெல்சென்கிர்ச்சனில் எனக்கென்று ஒரு கராஜ் இருக்கிறது. எஞ்ஜின் மாற்றும் வேலைக்குக் கொலோனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அப்படித்தான் அவரும் வந்தார்.

“ஏலும் அண்ணை. உள்ளுக்கு வாங்கோ” என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அவரிடம் ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. அதை இழுவையில் கட்டிக்கொண்டு கோடையில் ஹொலண்ட் கடற்கரைக்குப் போவாராம். பிக்கப்பின் பெற்றோல் எஞ்ஜின் ஏற்கெனவே சோர்ந்தது. பெரிய டயர் போட்டதும் இன்னும் இழுக்க மாட்டாமல் திணறியது. படகோடு ஒரு மேட்டில் நின்று, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோன் அடித்ததைப் பெரிய துயரமாகச் சொன்னார். நான் இரக்கத்தோடு தலையாட்டினேன். தலைக்குள் ஏற்கெனவே வேலை தொடங்கிவிட்டது.

எஞ்ஜின் மாற்றுவது இந்த நாட்டில் ஸ்பனரைத் தூக்கியதும் தொடங்குகிற வேலை இல்லை. முதலில் திட்டத்தை எழுதி, வாகனப் பரிசோதகரிடம் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், எடுத்து, தாள்களை அவர் முன்னால் பரப்ப வேண்டும். எந்த எஞ்ஜின், எவ்வளவு சக்தி, பிரேக் தாங்குமா, புகை எந்த வகுப்பு என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் ஓம் என்ற பிறகுதான் ஒரு ஆணியையும் கழற்றலாம். வேலை முடிந்ததும் மாற்றம் வாகனப் பத்திரத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வண்டி முற்றத்தில் நிற்கலாம், வீதியில் இறங்கக் கூடாது. அந்த நிலைமை எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இதில் ஒரு விதி தலையாயது. புதிதாக வைக்கிற எஞ்ஜின், வண்டியில் முன்பிருந்ததைவிட மோசமாகப் புகைக்கிற வகுப்பில் இருக்கக் கூடாது. ஆகவே நான் அவருக்கு ஒரு பழைய டர்போ டீசல் எஞ்ஜினைத் தெரிவு செய்தேன். அருமையான எஞ்ஜின் அது, கணினி கிணினி ஒன்றும் இல்லை, மலையையும் இழுக்கும். ஆனால் அவருடைய பிக்கப்பைவிட இரண்டு வகுப்புப் பின்னால். எந்தப் பரிசோதகரும் அதைப் பத்திரத்தில் ஏற்றமாட்டார். எஞ்ஜினை வாங்கி, வைத்து, குழாய் எல்லாம் இழுத்து, எல்லாம் மினுங்கும்போதுதான் அவருக்கு அது தெரியவரும். அவருடைய பெற்றோல் எஞ்ஜின் அதற்குள் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வண்டி அவர் வீட்டு முற்றத்தில் வருடக்கணக்காக நிற்கும். அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மூன்று வாரமும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தமிழ்க் கடையில் வாங்கிவந்த வாழைப்பழப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, அந்த எஞ்ஜினை அதன் அளவிலேயே கடதாசியில் செய்தேன். டர்போவுக்குப் பதிலாக ஒரு ஜாம் தகரப்பேணி வைத்தேன். கடதாசி எஞ்ஜினை உள்ளே இறக்கி, ஸ்டியரிங் தண்டில் பேணி முட்டுகிறதா, எண்ணெய்த் தொட்டி முன் அச்சுக்கு மேலே நிற்கிறதா, பொனற் மூடுகிறதா என்று பார்த்தேன். வண்டியை உயர்த்தியிருந்ததால் கீழே இடம் தாராளமாக இருந்தது. அவர் பக்கத்தில் நின்று சின்னப்பிள்ளை போலக் கை தட்டாத குறைதான். பொய்த் திட்டத்துக்கு அவ்வளவு மினக்கெடத் தேவையில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் பழியை அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை.

கடைசியில் ஒரு தாளை அடித்து அவர் முன்னால் வைத்தேன். எஞ்ஜினைத் தெரிவு செய்தது வாடிக்கையாளர், அது ஏறுமா ஏறாதா என்பதும் அவர் பொறுப்பு என்று அதில் இருந்தது.

“எல்லாம் நீங்கள் சொன்னதுதான் அண்ணை. கையெழுத்தைப் போடுங்கோ” என்றேன்.

அவருடைய பேனை தாளுக்கு மேலே ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கராஜின் கடதாசி வேலையெல்லாம் என் மனைவியின் பொறுப்பு. அவள் நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்து ஹனோவரில் வளர்ந்தவள். ஜேர்மன் தாளில் ஒரு கமா பிழைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கோப்போடு வந்து என் முன்னால் நின்றாள்.

“இது ஏறாதே. புகை வகுப்புப் பிழை. பரிசோதகரிட்ட டெர்மினும் எடுக்கேல்லை. உங்களுக்கு என்ன நடந்தது?”

ஒளித்து என்ன பயன்? சொன்னேன். இவர்தான் அவர் என்றேன். மொழிபெயர்ப்பாளரைப் பற்றி அவளுக்குத் தெரியும். நான் வருடத்துக்குப் பத்துத் தடவையாவது அந்த ஆளைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறாள். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“பழி எடுக்கிறதெண்டால் முகத்துக்கு நேர எடுங்கோ. எங்கட கராஜின்ர பேரில கள்ளத் தாள் போகவேண்டாம்” என்றாள். கோப்பை மேசையில் போட்டுவிட்டு, “அந்தாள் சொல்லாமல் விட்டது என்ன? தம்பிக்கு என்ன நடந்தது? பதினாறு வருசமாக் கேக்கிறன்” என்றாள்.

நான் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினேன். எப்போதும் இதுதான். எங்கள் வீட்டில் தம்பியின் படம் மாட்டியிருக்கிறது, அவனுடைய கதை இல்லை. வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் அதை முழுதாகச் சொன்னேன், அந்த அறையில். அது குப்பையில் போனது என்று தெரிந்த பிறகு, அதைத் திரும்பத் தொடங்க என்னால் முடிந்ததே இல்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அம்மா அதைக் கேட்காமலே போய்விட்டா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதையை முழுதாகக் கேட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். நாளைக்கு அவர் எஞ்ஜினைப் பற்றிக் கதைக்க வருகிறார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். கராஜின் கதவை உள்ளே இழுத்துச் சாத்தினேன். மனைவி முக்காலியில் இருந்தாள்.

“அண்ணை, நான் ஆரெண்டு தெரியுதோ?”

“தெரியும்” என்றார். “நீர் அந்தக் கையெழுத்தைப் போடச் சொன்ன அண்டைக்குத்தான் விளங்கினது.”

“தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டனீங்கள்?”

அவர் கடதாசி எஞ்ஜினைப் பார்த்தார். “நீர் ஏதோ செய்யப்போறீர் எண்டு தெரியும். செய்யட்டும் எண்டு விட்டனான்.”

எனக்கு எரிந்தது. பொறியில் விழுந்தவர் தெரிந்தே விழுந்தேன் என்று சொன்னால், பொறி வைத்தவனுக்கு என்ன மிச்சம்? “அப்ப சொல்லுங்கோ” என்றேன். “நான் அண்டைக்குச் சொன்னதை இவவுக்குச் சொல்லுங்கோ. ஒண்டையும் விடக்கூடாது.”

மறந்துபோச்சு என்று சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்த மனிதர். மறந்துவிட்டேன் என்றால் அவர்மேல் பாய்வதற்கு வசனங்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மனைவியைப் பார்த்துத் தொடங்கினார்.

“பெற்றோல் இல்லாத காலம், பிள்ளை. இவையின்ர கராஜில ஒரு பழைய காரை மண்ணெண்ணெயில ஓடப் பண்ணிக்கொண்டு நிண்டவை. இவர் காருக்குக் கீழ கிடந்தவர். தம்பி பக்கத்தில நிண்டவர். துவக்கோட ஆக்கள் வந்து, வேற ஆர் இஞ்ச நிக்கிறது எண்டு கேட்டவங்கள். ஒருத்தரும் இல்லை, நான் தனிய எண்டு தம்பி சொன்னவர். அவரைக் கொண்டுபோட்டாங்கள். இவர் மூச்சுக் காட்டாமல் கிடந்தவர். இருட்டும் மட்டும் வெளியில வரேல்லை.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. அதற்கு அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் கீழே கிடந்தேன் என்பதுதான் அந்தக் கதை. இத்தனை வருடமும் என்னால் சொல்ல முடியாமல் போனதும் அதுதான்.

“இவ்வளவும் ஞாபகம் இருக்கு. அப்ப ஏன் விட்டனீங்கள்?” என்று கேட்டேன். குரல் என்னுடையது போலவே இருக்கவில்லை.

“நாலரைக்கு எனக்கு ட்ரெயின்” என்றார். “அதிகாரியும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கீட்டார். ஒரு வரியில முடிச்சுப்போட்டன். ட்ரெயினில இருக்கேக்கையே செய்தது பிழை எண்டு தெரியும். அடுத்த நாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.”

மேசையில் பெரிய ஸ்பனர் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கவேண்டும் போல இருந்ததை மறைக்க மாட்டேன். அவர் கையை உயர்த்தி, “இன்னும் ஒண்டு இருக்கு, விடக்கூடாதெண்டு சொன்னனீர்” என்றார். திரும்பவும் என் மனைவியைப் பார்த்தார்.

“இவற்ற செருப்பு ரெண்டும் காருக்கு வெளியில கிடந்தது. அவங்கள் கண்டிருந்தால் இவரும் போயிருப்பார். தம்பி அவங்களோட கதைச்சுக்கொண்டே, காலால அதுகளை உள்ளுக்குத் தள்ளிவிட்டவர். ஒரு செருப்பு தன்ர கன்னத்தில வந்து பட்டதெண்டு இவர் சொன்னவர்.”

எனக்கு அது நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. சொன்னது நான், ஆனால் என்னிடம் அது இல்லாமல் போய்விட்டது. தம்பி சொன்ன பொய் எனக்கு ஞாபகம் இருந்தது, போன வாகனத்தின் சத்தம் ஞாபகம் இருந்தது. அவனுடைய கால் ஞாபகம் இல்லை. அவர் சொல்லிமுடித்ததும் என் இடது கன்னத்தில் ரப்பரின் மணத்தோடு அது திரும்பி வந்தது. நான் சுவரோடு இருந்துவிட்டேன். அழுதேன். அழுதுகொண்டே அவரை முன்னைவிட இரண்டு மடங்கு வெறுத்தேன். என்னைக் காப்பாற்றிய என் தம்பியின் அந்தக் காலின் நினைவை, ஏறக்குறைய முப்பது வருடமாக இந்த மனிதர் வைத்திருந்திருக்கிறார். படகு வாங்கியிருக்கிறார், மீன் பிடித்திருக்கிறார், ஒரு தடவையாவது என்னைத் தேடி வந்து தரவில்லை.

மனைவி எழும்பிப் போய், அவர் கையெழுத்திட்ட தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

திட்டத்தை முதலிலிருந்து எழுதினேன். விபத்தில் அடிபட்ட ஒரு புதிய வண்டியிலிருந்து டர்போ பெற்றோல் எஞ்ஜினை அதன் கணினி, புகை வடிகட்டியோடு முழுதாக எடுப்பதென்று முடிவு. வகுப்புச் சரி. பிரேக்கைப் பெரிதாக்க வேண்டும், அதையும் எழுதியாயிற்று. பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், நல்ல வேலை, செய் என்றார். மார்ச் மாதத்திலேயே தாள் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, எஞ்ஜினை மாற்றுவதுதான் மிச்சம்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அச்சின் அளவு பிழை என்கிறேன், அடுத்த சனிக்கிழமை குழாய் முட்டுகிறது என்கிறேன். அவர் வருகிறார். வந்ததும் முதலில் தம்பியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும், பிறகுதான் கோப்பைத் திறப்பேன். சில நாட்களில் புதிதாக ஏதாவது வரும். தம்பி அன்று என்ன நிறச் சாரம் கட்டியிருந்தான் என்பது அப்படித்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மனைவிக்கு எல்லாம் தெரியும். அவர் போனதும் கோப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். மன்னித்துவிட்டீர்களா என்று ஒருநாள் கேட்டாள். இல்லை என்றேன்.

போன சனிக்கிழமை பிக்கப்பிலிருந்து இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளிறியிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கி, பிரஷர் குளிசை போட்டாரா என்று கேட்டேன். மறந்துவிட்டாராம். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவருடைய சட்டைப் பையிலிருந்தே குளிசையை எடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு முக்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தேன்.

“இண்டைக்குக் களைப்பாயிருந்தால் முழுக்கச் சொல்லவேண்டாம்” என்றேன். “செருப்பில இருந்து சொல்லுங்கோ.”