கொண்டைக்குருவி கொண்டுபோன கேசட்

ஹட்டன் பஜாரில் விதைக்கடை வைத்திருக்கும் நானா, போன வாரம் ஒரு சுருள் மினுமினுப்பு ரிப்பனை என் தலையில் கட்டிவிட்டார். வாசலில் நான்கு தொட்டிகளில் ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறேன். பழம் சிவக்கிற அன்றைக்கு மட்டும் கொண்டைக்குருவி எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. இதுவரை நான் தின்றது இரண்டு பழம், அதிலும் ஒன்று பாதி. "இதக் கட்டிப் பாருங்க டீச்சர், காத்துல சத்தம் போடும், குருவி கிட்ட வராது" என்றார். கட்டினேன். மத்தியானம் காற்று கிளம்பியதும் ரிப்பன் மெல்ல இரையத் தொடங்கியது. கையிலிருந்த தேத்தண்ணி ஆறும்வரை நின்றுகொண்டே இருந்தேன். அது எனக்குப் பழக்கமான சத்தம்.

சின்ன வயதில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் இருந்தோம். லயத்துக்குக் கீழே, ஓடையோரமாக, அப்பா ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போட்டிருந்தார். போஞ்சி, கோவா, பட்டாணி. பட்டாணி முளைவிடும் நேரம் பார்த்து கொண்டைக்குருவிகள் குடும்பத்தோடு வந்து இறங்கும். அப்பா தன் பழைய கம்பளியைப் போர்த்தி ஒரு பொம்மை நட்டார். மூன்றாம் நாள் ஒரு காக்கை அதன் தலைமேல் உட்கார்ந்துகொண்டு, கொழுந்து பறிக்கிறவர்களை மேய்க்கும் கண்டாக்கு ஐயா மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் தகர டின்களைக் கயிற்றில் கோர்த்துக் கட்டினோம். அதனால் பயந்தது எங்கள் கோழி மட்டும்தான்.

அடுத்த காம்பராவில் இருந்த செல்வராணி அக்காதான் வழி சொன்னவர். நுவரெலியாவில் லீக்ஸ் தோட்டங்களில் பார்த்திருக்கிறாராம். "கெட்டுப்போன கேசட்டு இருந்தா நாடாவ உருவி குறுக்கமறுக்க கட்டு புள்ள. வெயில்ல மின்னும், காத்துல கத்தும். பாம்போ பேயோன்னு குருவி ஓடிரும்" என்றார்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டாவது வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஐந்து. அந்த நாளில் வெளிநாடு போன எங்கள் பெண்கள் கடிதத்தைக் கேசட்டில்தான் அனுப்புவார்கள். புதுக் கேசட்டுக்கு எங்கே போவது? பாட்டுக் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் ஓட்டையில் தாளைச் சுருட்டி அடைத்துவிட்டால் பாட்டின்மேலேயே பேசிப் பதியலாம். அப்பா ஒரே படத்துக் கேசட்டை மறந்துபோய் இரண்டு தடவை வாங்கிய மகான். அதில் ஒன்றை அம்மா எடுத்துப் போயிருந்தார். ஒரு பக்கம் முழுக்கப் பேசி, லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். மறு பக்கத்தில் பாட்டு அப்படியே இருந்தது.

அந்தப் பேச்சில் கடைசியாகத் தம்பிக்கென்று ஒரு பகுதி வரும். "ராசா, கண்ண மூடிக்க. அம்மா இங்கதான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் தட்டிக்கொடுக்கிற மாதிரி ம்ம்ம் என்று முனகுவார். தம்பி தினமும் பொழுது சாயும்போது கேசட் ரேடியோமேல் காதை வைத்துக்கொண்டு அதைக் கேட்பான். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடுவான். அதற்குப் பிறகு அவனைத் தூக்கிப் படுக்கப்போடுவது என் வேலை. அது இல்லாத நாளில் யார் தட்டினாலும் தூங்கமாட்டான்.

வீட்டில் இப்படி ஒரே மாதிரி இரண்டு கேசட். அடையாளத்துக்கு அம்மாவின் கேசட்டில் குங்குமப் பொட்டு வைத்திருந்தேன். என் அறிவுக்கு அது எட்டியிருந்தது. தினமும் ஒரு பிள்ளை தடவிக்கொண்டே இருந்தால் குங்குமம் எத்தனை நாள் நிற்கும் என்பது எட்டவில்லை. நாடா கட்டலாம் என்று நான் பெட்டியைத் திறந்த அன்று, ஒரு கேசட்டின் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு தெரிந்தது. போட்டுக் கேட்கலாம் என்றால் ரேடியோவில் பெட்டரி இல்லை. சிவப்பு இருந்ததைப் பத்திரமாக வைத்துவிட்டு மற்றதை உருவினேன். அந்தச் சிவப்பு, பாண் துண்டுக்குத் தடவிய ஜாம்.

நாடா மின்னியது, இரைந்தது. ஒரு குருவி அண்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. லயம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் அப்பா பெட்டரி வாங்கி வந்து கேசட்டைப் போட்டார். பாட்டு வந்தது. திருப்பிப் போட்டார். அதிலும் பாட்டு. தம்பி ரேடியோமேல் வைத்த காதை எடுக்காமலே கேட்டான்: "அம்மா எங்கக்கா?" கதவு வழியே கீழே இருந்து நாடா இரைகிற சத்தம் கேட்டது. அப்பாவும் அதைக் கேட்டார். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "வா, இருட்டுறதுக்குள்ள எடுத்துருவோம்" என்று மட்டும் சொன்னார்.

தூறலில் மூன்று பேரும் அவிழ்த்தோம். அப்பா குச்சியிலிருந்து கழற்ற, நான் சுருட்ட, தம்பி பேசின் சட்டியை ஏந்திக்கொண்டு வந்தான். பல இடங்களில் அறுந்திருந்தது. செல்வராணி அக்காவின் நகப்பாலிஷ் தொட்டு ஒட்டி, பேனாவால் சுற்றி, மறுநாள் போட்டோம். அம்மா பேசினார், குளிரில் நடுங்குகிறவர் மாதிரி. நான் புரட்டி ஒட்டிவிட்ட இடங்களில் மறு பக்கத்துப் பாட்டு தலைகீழாக ஓடியது. "கோழி முட்டை வைக்கிதா" என்று கேட்ட அம்மா அடுத்த நொடி புரியாத பாஷையில் பாடினார். அப்பா சிரித்துவிட்டார். ஆனால் தம்பியின் பகுதி வரவில்லை. அந்தத் துண்டு மட்டும் பாத்தியில் எங்கே தேடியும் இல்லை. நான்கைந்து நாள் அவன் அழுதழுது களைத்துத்தான் தூங்கினான். பக்கத்தில் படுத்து நானும் அழுதேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா எங்களைக் கூப்பிட்டார். பாத்தியோரத்துத் தேயிலைச் செடிக்குள் ஒரு கொண்டைக்குருவிக் கூடு. வேருக்கும் சருகுக்கும் இடையில் பழுப்பு நாடா சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தது. யாரை விரட்டக் கட்டினோமோ அதுவே எடுத்துப் போயிருக்கிறது. அப்பா தம்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மூன்று குஞ்சுகள், தலையைவிடப் பெரிய வாய்.

"உருவிருவோமாடா?" என்று அப்பா கேட்டார். கேட்டது அவனைத்தான், என்னையல்ல.

தம்பி ரொம்ப நேரம் பார்த்தான். "இதுங்க போகட்டும்ப்பா" என்றான்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு கூட்டைப் பிரித்தோம். நடுவில் பெய்த மழையில் நாடாவின் பழுப்பு உரிந்து, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் அதை அதன் இடத்தில் ஒட்டினேன். ஓடவிட்டால் வெறும் இரைச்சல்தான். தம்பி ரேடியோமேல் காதை வைத்தான். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

அம்மா நான்கு வருஷம் கழித்து வந்தார். கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் இறந்துபோய் இப்போது ஆறு வருஷம் ஆகிறது. இருந்த நாளில், பதிந்து வைக்கலாம் என்று கையில் போன் கொடுத்தால், "நீயே பேசு, எனக்கு வெக்கமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் போனிலும் ஒரு வார்த்தை பதிவாகவில்லை. கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று ரேடியோ திருத்துகிறவர் கையை விரித்தார். பட்டாணி போட்ட இடம் இன்று பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானம்.

ரிப்பன் கட்டிய அன்றே தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் இப்போது கட்டாரில் லொரி ஓட்டுகிறான். அன்றைக்கே கூட்டிலிருந்து உருவியிருந்தால் அம்மா வரும்வரைக்குமாவது உன் பகுதியைக் கேட்டிருப்பாயே என்றேன்.

"வேணாங்கா" என்றான். "உருவியிருந்தா, பொறவு அம்மா பேசுறப்பல்லாம் எனக்கு அந்தக் குஞ்சுக கத்துறதுதான் கேட்டிருக்கும்."

அப்புறம் அவன் தன் மகளைப் பற்றிப் பேசினான். நான் அவனிடம் வேறொன்று கேட்க நினைத்திருந்தேன், வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. கேசட்டில் அம்மா சொன்னதெல்லாம், கோழி முட்டைவரைக்கும், எனக்கு வரி தவறாமல் மனப்பாடம். சொல்லிப் பார்க்கிறேன், என் குரல்தான் கேட்கிறது. அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.