ஹீரோவை விட்டுப் போன பையன்

இன்று ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்த நர்ஸ் அக்கா காமிக்ஸ் படித்துக்கொண்டு வந்தார். என்ன கதை என்று கேட்டேன்.

"ஹீரோ கூட வர்ற பையனுக்காகத்தான் படிக்கிறேன்பா. முதல்ல எல்லாம் வில்லன் இவனைக் கட்டிப்போடுவான், ஹீரோ வந்து காப்பாத்துவாரு. அப்புறம் சண்டை கத்துக்கினான். இந்த புக்குல வேற பேரு வெச்சிக்கினு தனியா போயிட்டான்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பது வருடமாகக் கல்யாணங்களில் போட்டோகிராபர் அண்ணனுக்கு லைட் பிடிக்கிறேன். திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்க என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். அதை ஒரு வாரமாக அவரிடம் சொல்லவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கேட்டார்:

"சந்தோஷம்பா. உனக்கு லைட் யாரு புடிப்பா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. தெரிந்த ஆள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சீக்கிரம் தனியாகப் போகிற எண்ணம் இல்லாதவராக இருந்தால் நல்லது.