முனிகிருஷ்ணனும் ஆறாவது வரியும்

எங்கள் ஊரின் முதல் பி.ஏ. நான்தான். யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். 1957-ல் வேலை கிடைத்துப் பெங்களூர் வந்து, மர்பி டவுனில் நீண்ட முற்றத்தைச் சுற்றிய ஆறு வீடுகளில் கடைசி வீட்டைப் பிடித்ததும், முதல் காரியமாகக் கதவில் ஆங்கிலத்தில் ஒரு தகரப் பலகை மாட்டினேன்: சுப்ரமணியன், பி.ஏ. அந்த ஆறு வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆக, அந்தப் பலகையைப் படிக்கக்கூடியவனும் நான் ஒருவன்தான். அதையும் கிட்டப் போய்த்தான் படிக்க வேண்டும்.

எனக்குத் தூரப் பார்வை மட்டம். கல்லூரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கண்ணாடியோடு ஊருக்குள் நுழைந்தால், "படிச்சான், கண்ணைத் தொலைச்சான்" என்று ஆடு மேய்ப்பவன்கூடச் சொல்வானே. அதனால் போடவில்லை. எந்தக் காகிதத்தையும் மூக்கில் உரசும்படி பிடித்தால்தான் எனக்கு எழுத்து தெரியும். பிறர் முன்னால் அப்படிப் பிடிப்பது பி.ஏ.வுக்கு அழகா? கையை நீட்டிப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, பெரிய எழுத்தில் உள்ளதைப் படித்து, மிச்சத்தை ஊகித்துவிடுவேன். யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதிர்வீட்டு முனிகிருஷ்ணனும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் டவுன் பஸ் டிரைவர். வாலாஜா பக்கத்துக்காரர். தோல் ஷெட்டில் கூலியாக இருந்தவர், உலகச் சண்டைக் காலத்தில் இங்கே வந்து மிலிட்டரி லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். லாரி கழுவிய கையில் ஒரு ஹவில்தார் ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். சண்டை முடிந்ததும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. பதினோரு வருடத்தில் ஒரே ஒரு ஜட்காவை இடித்திருக்கிறார். அதுவும் குதிரையின் தப்பு என்பார். காலையில் காக்கிச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு அவர் முற்றத்தைத் தாண்டிப் போகும்போது, ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே நிமிர்ந்து நிற்கத் தோன்றும்.

அந்த ஆடி மாதம் அவர் டிப்போவில் கொடுத்த ஓர் ஆங்கில நோட்டீஸை என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டுக்கீது சார்? போன வருசமே டாக்டரு ஒரு மாதிரி பாத்தாரு."

கையை நீட்டிப் பிடித்தேன். 'கண் பரிசோதனை', ஒரு தேதி, 'தவறினால் டிரைவர் பணியிலிருந்து நீக்கம்' என்பது வரை பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி ஏதோ ஓடியது. "வழக்கமான சட்டதிட்டம்தான்" என்றேன்.

"கண்ணாடி போட்டுக்கலாமா சார்?"

"அதெப்படிண்ணா விடுவாங்க?"

அவர் முகம் சுருங்கியது. "அப்ப டிப்போவுல பஸ் கழுவ உட்ருவானுங்க. பதினஞ்சு வருசம் களிச்சி மறுபடி வாளியத் தூக்கணும்."

அந்த முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. இயற்கை முறையில் கண்ணைத் தேற்றுவது பற்றி ஆங்கிலத்தில் எழுதியது. அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில், எனக்கென்று ரகசியமாக வாங்கியது. ஒரு வருடமாகப் படித்தும் எனக்கு ஒரு பலனும் இல்லை. காரணம் நான் ஒழுங்காகச் செய்யாததுதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"ஒரு மாசம் என்கிட்ட விடுங்க" என்றேன். நான் படித்தது சரித்திரம் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. விடிந்ததும் அல்சூர் ஏரிக்கரைப் பனிப்புல்லில் வெறுங்காலோடு நடை. பிறகு இளவெயிலில் கண்ணை மூடி முகத்தைக் காட்டி நிற்பது. உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்மேல் குவித்து வைப்பது. கட்டைவிரலை ஒரு முறை, கோயில் கோபுரத்தை ஒரு முறை என்று மாறி மாறிப் பார்ப்பது. திரிபலா ஊறிய தண்ணீரில் கண் கழுவுவது. படுக்கும்போது இமைமேல் நந்தியாவட்டைப் பூ. சாப்பாட்டுக்குப் பொன்னாங்கண்ணி, நெல்லிக்காய், கேரட்.

பத்தாம் நாள் அவர் மனைவி முத்தம்மா என்னை வழிமறித்தார். "ஏன் தம்பி, பொன்னாங்கண்ணிக்குக் கன்னடத்துல ஹொனகொன்னே சொப்பு ஹொனகொன்னே சொப்புன்னு மார்க்கெட்டுல நான் அலையறேன். கீரைக்காரி ஊட்ல ஆடு வளக்கறீங்களான்னு கேக்கறா. கண்ணு தெரியுதோ இல்லியோ, மனுசன் கொம்பு மொளைக்காம இருந்தா சரி."

"நம்பிக்கை வேணும்க்கா" என்றேன்.

பரிசோதனையில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனி அட்டை உண்டு என்று முனிகிருஷ்ணன் சொல்லியிருந்தார். சீப்பு மாதிரி மூன்று பல் வைத்த குறிகள். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். வரிக்கு வரி குறி சின்னதாகும். நானே ஒரு காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில் ஆறு வரி வரைந்து, அவர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டினேன். முற்றத்தில் இருபது அடி தள்ளி அவர் நிற்பார். குருவாகிய நான் அவர் பக்கத்தில் நிற்பேன்.

முதல் வாரம் மூன்றாவது வரியில் திணறினார். கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திரும்பச் சொல்வார். இரண்டாம் வாரம் நான்காவது வரி, மூன்றாம் வாரம் ஐந்தாவது. நான்காம் வாரம் ஆறாவது வரியை மழை கொட்டுவதுபோல் சொன்னார். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டாவது வரியே புகையாகத்தான் இருந்தது. இருந்தாலும் வரைந்தவன் நான்; வரிசை எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இயற்கை வைத்தியம் பற்றித் தமிழில் நாமும் ஒரு புத்தகம் எழுதினால் என்ன என்றுகூட யோசித்தேன். அட்டையில் பேருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட வேண்டும்.

பரிசோதனைக்கு மூன்று நாள் இருந்தது. முத்தம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவது" என்றேன்.

"மேல, எடது, எடது, கீழ, வலது, மேல."

"பிரமாதம்ணா."

முறம் நின்றது. "தம்பி, எந்த வரி அது?"

"ஆறாவதுக்கா."

"அத்த நேத்து கிழிச்சி அடுப்பு பத்த வெச்சிட்டனே."

நானும் முனிகிருஷ்ணனும் சுவரருகே போனோம். தாள் ஐந்தாவது வரியோடு முடிந்திருந்தது.

முத்தம்மா சிரிக்க ஆரம்பித்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஒண்ணு வாயால பாக்குது, ஒண்ணு காதால பாக்குது. நல்லா சேந்தீங்க."

முனிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஏமாத்தணும்னு இல்ல சார். தெனமும் சொல்லிச் சொல்லி அதுவா வந்துடிச்சி. தெரியுதுன்னுதான் நெனச்சேன்." பிறகு, "அங்க வேற அட்டதான இருக்கும்?" என்றார்.

முத்தம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய் அந்த நோட்டீஸை எடுத்து வந்தார்.

"படி தம்பி. யோசிக்கிற மாதிரி பிடிக்காத. மூக்கு கிட்ட வெச்சிப் படி. நீ கதவ சாத்திக்கினு பேப்பர் படிக்கிறத ஜன்னல்ல பாத்துக்கீறேன்."

ஆறு வீட்டுக்கும் நடுவில் நின்று மூக்கில் வைத்துப் படித்தேன். எறும்புகள் எழுத்தாயின. பார்வைக் குறை உள்ள டிரைவர்கள் கண்ணாடி அணிந்து சோதனைக்கு வரலாம்; தேறினால் கண்ணாடியோடு வண்டி ஓட்டலாம்.

சொன்னேன். எனக்கு வசவு விழும் என்று காத்திருந்தேன். முனிகிருஷ்ணன் என் முகத்தையே பார்த்தார்.

"எத்தினி வருசமா சார் இப்படி?"

"இன்டர்மீடியட்லேருந்து."

"சட்டையப் போடுங்க. ரெண்டு பேரும் போலாம்."

அல்சூர் பஜாரில் ஆதிகேசவன் என்பவரின் கண்ணாடிக் கடை. முனிகிருஷ்ணன் கண்ணில் வட்டச் சட்டத்தை மாட்டி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ஆகும் என்றார்.

"சனிக்கெளம டெஸ்ட்டுங்க. பஸ் டிரைவரு நானு."

"எந்த ரூட்டு?"

"அல்சூரு டு மார்க்கெட். காலையில எட்டரை வண்டி."

ஆதிகேசவன் கையிலிருந்த சில்லைக் கீழே வைத்தார். "சில்லு வாங்க நான் தினம் அந்த பஸ்லதான் போறேன்" என்றார். பிறகு, "நாளன்னிக்குக் காலையிலயே வாங்கிக்கோ" என்றார்.

"எனக்கு?" என்றேன்.

"நீங்க இன்னா ஓட்றீங்க?"

"குமாஸ்தா. பி.ஏ."

"அடுத்த வாரம் வாங்க."

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். அரை மணி கழித்து முனிகிருஷ்ணன் கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு வெளியே வந்து, முத்திரை குத்திய காகிதத்தை என்னிடம் கொடுத்தார். வராந்தா நிறைய ஆட்கள். மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தேன். 'தகுதி' என்று இருந்தது.

"மத்தியானமே டூட்டி" என்றார். "நீங்களும் வாங்க."

டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது, கிளம்பியது என்று பேருக்குத்தான் சொல்லலாம். பதினோரு வருடம் அந்த ரோட்டில் புயலாகப் போனவர், ஒவ்வொரு சைக்கிளுக்கும் பிரேக் போட்டார். ஒரு மாட்டுக்கு முழுதாக நின்றார்.

"என்னண்ணா?" என்றேன்.

"ரோட்டுல இவ்ளோ பேரு குறுக்கால போறானுங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது சார்" என்றார் தாழ்ந்த குரலில்.

மார்க்கெட் போய்ச் சேர இருபது நிமிடம் தாமதம். நடுவில் ஒருவர் பொறுமையிழந்து, டிரைவருக்குக் கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். என் கண்ணாடி வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. கத்தியது ஆணா, கடைசி சீட்டு மூட்டையா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.