பொழுது சாய்வதற்குள் ஒரு பந்தி

சமையல் ஒப்பந்தம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால், செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கும் வேலை பார்த்தேன். எந்தக் கூட்டு அப்படியே கிடக்கிறது, எந்தக் குழம்பை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று தினமும் பார்த்துப் பார்த்தே சமையலில் பாதியைக் கற்றுக்கொண்டேன். பிறகு நானும் என் வீட்டுக்காரரும் துணிந்து சொந்தமாக ஆரம்பித்தோம். அவர் மினி லாரி ஓட்டுவார். நான் நான்கு பெண்களை வைத்துக்கொண்டு சமைப்பேன். காதுகுத்து, வளைகாப்பு, கோட்டை பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொட்டலச் சாதம் என்று வேலைக்குக் குறைவில்லை.

மூன்றாவது வருடம் தை மாதத்தில், மேல்சித்தாமூரில் ஒரு ஜைனர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அம்மா நேரில் என் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“வெங்காயம், பூண்டு கூடாது. மண்ணுக்குள்ள வெளையற கெழங்கு எதுவும் கூடாது. தண்ணிய துணில வடிகட்டித்தான் ஒலை வைக்கணும்.”

“இஞ்சி போடலாமாம்மா?”

“அதுவும் மண்ணுக்குள்ளதானே? சுக்கு போட்டுக்க. ஒண்ணு மட்டும் மறந்துடாத. பொழுது சாயறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடணும். இருட்டிட்டா ஒரு வாய் சாப்பிட மாட்டோம்.”

அந்த வாரம் வீட்டில் இரண்டு முறை வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். இரண்டாம் நாள் தட்டை மறுபடியும் நீட்டினார். அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

நிச்சயத்தன்று நாலரை மணிக்குப் பந்தி என்று பேச்சு. நாலு மணிக்கே எல்லாம் தயார். பூசணிக்காய் சாம்பார், மிளகுத் தூள் தூவிய வாழைக்காய் வறுவல், அவரைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். இலை போடலாமா என்று கேட்கப் போனால், பெண்ணின் அம்மா போனைப் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார்.

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முப்பத்தைந்து பேர் வந்த பஸ், திண்டிவனம் ரோட்டில் பழுதாகி நின்றுவிட்டது. வேறு பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகுமாம். ஊரில் அந்த நேரத்துக்கு இரண்டு கார்தான் கிடைத்தது. அத்தனை பேரையும் அதில் ஏற்றி இறக்கி முடிப்பதற்குள் இருட்டிவிடும். சம்பந்தி வீட்டாரை எங்கள் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வரவும் முடியாது.

“அம்மா, அவங்க வர முடியலன்னா சோத்த நாம கொண்டு போலாம். வண்டி நிக்குது. அரை மணி நேரத்துல போயிடலாம்” என்றேன்.

அவர் திடுக்கிட்டார். “சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு ரோட்டுல வச்சா சோறு போடறது? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கம்மா.”

“பட்டினியா வந்து ஒங்க வாசல்ல எறங்கினா மட்டும் நல்லாவா இருக்கும்?”

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று பயந்தேன். அவர் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

“காலைல பதினோரு மணிக்குச் சாப்டதுங்க. மாமனாருக்கு மயக்கமா வருதுன்றாரு. எங்க வச்சுப் போட்டா இன்னாங்க? கொண்டாங்க.”

உள்ளூர் விருந்தாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்களை விட்டுவிட்டு, மற்ற இருவரையும் பாத்திரங்களோடு பின்னால் ஏற்றினேன். பெண்ணின் அம்மா பட்டுப்புடவையோடு முன்னால் வந்து ஏறினார். “என் வீட்டுச் சோறு. நான்தான் பரிமாறணும்” என்றார்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு நெல் களம் இருந்தது. நெல்லை வாரிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டதும், காய்ந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கித் தார்ப்பாய் விரித்துக் கொடுத்தாள். காற்றில் இலை பறந்தது. ஒவ்வொரு இலையின் மூலையிலும் ஒரு கல்லை வைத்தோம். எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க இடம் போதவில்லை. இரண்டு பந்தியாகப் போட்டோம். மயக்கம் வருகிறது என்ற மாப்பிள்ளையின் தாத்தா முதல் ஆளாக உட்கார்ந்து, வாழைக்காய் வறுவலை மூன்று தடவை கேட்டு வாங்கினார். மாப்பிள்ளை முதல் பந்தியில் உட்காராமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான். நாங்கள் பயந்ததற்கு மாறாக, அவன் அம்மா பெண்ணின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்ளோ தூரம் தூக்கினு வந்துட்டீங்களே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசி இலை எடுக்கும்போது சூரியன் செஞ்சி மலைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. மாப்பிள்ளை வீட்டார் மாற்றுப் பஸ்ஸில் பின்னால் வர, நாங்கள் திரும்பும்போது வண்டியில் பெண்ணின் அம்மாவிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“நீங்க எப்ப சாப்டீங்கம்மா?”

அவர் சிரித்தார். “எங்க சாப்டறது? இருட்டிடுச்சே.”

“தண்ணியாவது...”

“அதுவும் காலைலதான். பழக்கம்தான், விடு. மாப்ள தண்ணி ஊத்தனத பாத்தியா? எம்பொண்ணு நல்லா இருப்பா.”

அவர் முகத்தில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அத்தனை பேருக்குச் சமைத்தேன். தாத்தா என்ன சாப்பிட்டார் என்று கவனித்தேன். என்னை நம்பிக் கூப்பிட்ட மனுஷி என் பக்கத்திலேயே பாயச வாளியோடு நின்றிருக்கிறார். ஒரு இலையைப் போட்டு அவரை உட்கார வைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே வெண்பொங்கல் கிளறித் தூக்கில் எடுத்துக்கொண்டு மேல்சித்தாமூருக்குப் போனேன். வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்துதான் அவர் தண்ணீரையே தொட்டார். பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

“நீயும் நேத்து சாப்டிருக்க மாட்ட. உக்காரு.”

ராத்திரி வீட்டுக்குப் போனதும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். பொங்கலில் சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவர் மூன்று கரண்டி போட்டுக்கொண்டார்.

அதிலிருந்து எந்த விசேஷமானாலும், முதல் பந்திக்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்மணியைத் தேடிப் பிடித்து, பாத்திரங்களுக்கு நடுவிலாவது ஒரு இலை போட்டு உட்கார வைத்துவிடுகிறேன். யாரும் சுலபத்தில் வருவதில்லை. போன வாரம் அனந்தபுரத்தில் ஒரு புதுமனை புகுவிழா. “ஐயோ, வந்தவங்கள வாங்கன்னு சொல்லணும், வழிய விடு” என்று அந்த வீட்டு அம்மா திமிறினார். நான் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தவர், நாலு வாய் உள்ளே போனதும் அமைதியானார். வெளியே யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“இருங்க, வரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து.”