ரோட்டில் பரப்பிய உளுந்து

ஒரத்தநாட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகிறது. பங்குனி வெயில். அறுத்த உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறியே உளுந்து உதிர்ந்துவிடும், ஆள் வைத்து அடிக்க வேண்டாம். எனக்குப் பொறுமையில்லை. வேகத்தைக் குறைக்காமல் காரை அதன்மேல் விடுகிறேன். கொஞ்ச தூரத்தில் கருகல் நாற்றம்.

மதகோரம் நிறுத்துகிறேன். மதகுச் சுவரில் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று சிவப்பாக எழுதியிருக்கிறது. ஒரு பெண் அரிவாளோடு ஓடி வருகிறாள். இந்தப் பக்கம் கார் என்றாலே மிராசுதார்தான். அவசரமாகக் கண்ணாடியை ஏற்றுகிறேன்.

“எறங்குங்கய்யா, காரு பத்திக்கும்!”

இறங்குகிறேன். அவள் காருக்கடியில் நுழைந்து, சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் கயிறாகச் சுற்றியிருக்கும் செடியை அறுத்து இழுக்கிறாள். சைலன்சரில் பட்ட கொத்து புகைகிறது. மண்ணைப் போட்டு அணைக்கிறாள்.

“வேகமாப் போனா சுத்திக்கும். உருட்டிக்கிட்டுப் போனா ஒண்ணும் ஆகாது.”

“இதையெல்லாம் களத்துல போட்டு அடிச்சா என்னம்மா?”

“களம் அடுத்த ஊரு மிராசுதாருதுங்க. அங்க அடிச்சா பங்கு அளக்க மரக்காலோட ஆளு வந்து நிக்கும். ரோடு கவர்மெண்டுது.” முந்தானையால் கையைத் துடைத்துக்கொள்கிறாள். “நீங்க எங்க போறீங்க?”

அந்த மிராசுதார் வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு.

“முத்துப்பேட்டைக்கு,” என்கிறேன்.

“அப்ப உளுந்து மேல ஒரு தடவ போயிட்டு வாங்களேன்.”

காரைத் திருப்பி, முதல் கியரில் உருட்டுகிறேன். சக்கரத்தடியில் நெற்றுகள் படபடவென்று வெடிக்கின்றன.

நாலு தடவை போய் வருகிறேன்.