தறி நின்ற பிறகும்

சங்கரன்கோவில் பவர்லூம் செட்டுக்குள் யாரும் காதை நம்பிப் பிழைப்பதில்லை. தறிகள் ஓடும்போது பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் பேச்சு நடக்கும். காளிராஜ் அதில் பலே ஆள். சாடையிலேயே முதலாளியைக் கேலி செய்து செட்டையே சிரிக்க வைப்பான்.

எழுபத்தெட்டாம் வருசம் அவனுக்கு டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒட்டிவிடுமே என்று பயந்து, மனைவி பேச்சித்தாய் இன்னும் பேச்சு வராத மகள் கோமதித்தாயைத் தூக்கிக்கொண்டு இளையரசனேந்தலுக்கு, தாய் வீட்டுக்குப் போனாள்.

"குணமாயி நில்லுங்க. அதுக்குள்ள இவள அப்பான்னு சொல்லப் பழக்கிருதேன்" என்றாள் பஸ் ஏறும்போது.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் ஒரு நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போனான், பாவி மனுசன்.

இருமல் அடங்கியது. ஆனால் காதுக்குள் ஓர் இரைச்சல் குடியேறியது. நடந்தால் கால் தள்ளாடியது. சீக்குக்காரன் அசதி என்று விட்டுவிட்டான். ஊசி போடும் கம்பவுண்டர் சண்முகையா ஒருநாள் கேட்கத்தான் செய்தார்.

"காதுல இரைச்சல் கிரைச்சல் இருக்கா வே?"

"தறிக்காரன் காதுல இரைச்சல் இல்லாம கோயில் மணியா கேக்கும் அண்ணாச்சி?"

அவரும் சிரித்துவிட்டு ஊசியைக் குத்தினார். இந்த மருந்து சிலருக்குக் காது நரம்பையே தின்றுவிடும், இரைச்சல்தான் அதன் முதல் அடையாளம் என்று விளக்கிச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செட்டில் யாருக்கும் தெரியவில்லை. எல்லாருமே செவிடர்களாக இருக்கிற இடத்தில் ஒருவன் செவிடானதை யார் கண்டார்கள்?

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. ஆட்கள் வாயைத் திறந்து பேசிச் சிரித்தார்கள். காளிராஜுக்குக் காதுக்குள் இருந்த அந்த இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஊசியை நிறுத்தினார்கள். போன காது போனதுதான். கொஞ்ச நாளில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, சுத்தமாகிவிட்டது என்றார்கள். அதையும் அவன் டாக்டரின் வாயசைவில்தான் தெரிந்துகொண்டான்.

குணமான சேதி கிடைத்து, காது போன சங்கதி தெரியாமல் பேச்சித்தாய் பிள்ளையோடு வந்து இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் அவன் அவர்களைத் தேடி வேறு பக்கம் பார்த்து நின்றான். பின்னாலிருந்து பிள்ளை கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. அவன் திரும்பவில்லை. பேச்சித்தாய் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினான். அவன் காதைத் தொட்டுக் கையை விரித்ததும் அவளுக்கு விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காளிராஜ் பிள்ளையைத் தூக்கி, அதன் தொண்டையில் இரண்டு விரலை வைத்தான்.

"சொல்லு மக்கா."

பிள்ளை சொன்னது. விரலடியில் ஏதோ லேசாக அதிர்ந்தது. மகளின் குரல் என்று கடைசிவரை அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.