வெட்டு விழுந்த ஒரு ரூபாய்

செங்கம் ரோட்டு லாட்ஜில் அறைச்சாவி கொடுக்கும் வேலை சந்திரகலாவுக்கு. தம்பி தங்கைகளைக் கரையேற்றி முடித்தபோது அவள் கல்யாண வயது எப்போதோ போய்விட்டிருந்தது. அவளுக்குக் காசுப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் இளஞ்செழியன். மனைவியை இழந்தவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலூரிலிருந்து கிரிவலம் வருவார். அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன நாணயங்களைச் சேர்ப்பவர்.

மலை சுற்றி வந்ததும் கால் நீட்டி உட்கார்ந்து, கல்லாவில் அவள் ஒதுக்கி வைத்த காசுகளைப் பார்ப்பார். ஒருமுறை செம்பு நிறத்தில் ஒரு ரூபாய் கிடைத்ததென்று அவள் துள்ளினாள். அவர் காந்தத்தை நீட்டினார், டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"உள்ள ஸ்டீலுங்க. மேல யாரோ முலாம் பூசியிருக்காங்க."

அவள் முகம் வாடியது. "விடுங்க கலா. எனக்கே இன்னும் ஓரம் வெட்டுப்பட்டு அச்சாகி வந்த நெஜமான வெட்டுக் காசு ஒண்ணுகூட ஆப்டல" என்றார்.

'மேடம்' போய் 'கலா' வந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ. அவள் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் குரலையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு அவர் வரவில்லை. போன் போட்டாலும் கிடைக்கவில்லை.

தீபக் கூட்டம் கலைந்த மறுநாள், தண்ணி பாட்டில் விற்ற சில்லறையில் அது இருந்தது. ஓரம் கடித்தாற்போல் ஒரு ரூபாய். வேலூரில் நடந்த நாணயக் கண்காட்சிக்கே போய், அவரைத் தெரிந்தவர்களிடம் விசாரித்து, அவருடைய புது நம்பரை வாங்கினாள். ஓசூரில் மகள் வீட்டில் இருந்தார்.

"சார், வெட்டுக் காசு ஆப்டுச்சு."

"அரத்தால ராவின கீறல் இருக்கா?"

"இல்ல சார்."

"வெட்டுக்கு நேர் எதிர்ல விளிம்பு?"

"மழுங்கியிருக்கு."

அவர் சிரித்தார். "அப்ப நெஜந்தான் கலா. தகடு வெட்டும்போதே மிஷின்ல ஆனது. கையால வெட்டினா எதிர்ப்பக்கம் அப்படி ஆகாது. பாக்கணும்போல இருக்கு."

"வாங்களேன் சார்."

"பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கிச்சு. பொண்ணு வெளிய விடறதில்ல."

"நான் எடுத்துனு வரட்டுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு கேட்டா, யாருன்னு சொல்றது?"

அவள் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "ஒடம்ப பாத்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

ஓசூர் வழியாகப் போகும் பெங்களூர் பஸ் லாட்ஜ் எதிரிலேயே நின்று ஆள் ஏற்றுகிறது. கண்டக்டரிடம் இரண்டு தடவை டிக்கெட் விலைகூடக் கேட்டுவிட்டாள். இன்னும் ஏறவில்லை.